டென்வரில் ஓக் மரம் வைக்கப் போகிறீர்களா? முதலில் பனிக்காலத் தண்ணீர்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் பக்கம் வீடு வாங்கிய பலருக்கும் இரண்டாவது கோடையில் மர ஆசை வந்துவிடும். முதல் கோடை பெட்டிகளைப் பிரிப்பதிலேயே போய்விடும். இரண்டாவது கோடையில்தான் மேற்குப் பக்கத்து வெயில் மாலை நான்கு மணிக்குக் கூடத்துக்குள் வந்து சட்டமாக உட்கார்ந்துகொள்வது உறைக்கும். இந்த ஊரில் ஒரு காலத்தில் எல்லோரும் ஆஷ் மரம் வைத்தார்கள். 2013-இல் பக்கத்து ஊரான பொல்டரில் ஆஷ் மரத்தைத் துளைக்கும் பச்சை வண்டைக் கண்டுபிடித்தார்கள், அதோடு அந்தக் கதை முடிந்தது. வேறு என்ன வைக்கலாம் என்று கேட்டால் விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் பெயர்களில் ஓக் முன்வரிசையில் இருக்கும் (பழைய மொழிபெயர்ப்புகளில் கர்வாலி என்று படித்திருப்பீர்களே, அதுதான்).

நானும் வைத்தேன். முதல் மரம் செத்தது. இரண்டாவது மரம் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் மரம் எப்படிச் செத்தது என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். மே மாதம் நட்டேன், கோடை முழுக்க ஒழுங்காகத் தண்ணீர் விட்டேன், அக்டோபரில் புல்வெளித் தண்ணீர்க் குழாய்கள் குளிரில் உறைந்து வெடிக்காமலிருக்கக் காற்றால் ஊதிக் காலி செய்யும் ஆள் வந்து எல்லாவற்றையும் அடைத்துவிட்டுப் போனார். அத்தோடு நானும் மரத்தை மறந்துவிட்டேன். குளிர்காலத்தில் மரம் தூங்கும், தூங்குகிற மரத்துக்கு எதற்குத் தண்ணீர் என்ற நினைப்பு. அடுத்த மே மாதம் அழகாகத் துளிர்விட்டது, நான் போட்டோவெல்லாம் எடுத்து ஊருக்கு அனுப்பினேன். ஜூன் மூன்றாம் வாரம் வெயில் ஏறியதும் இலைகள் விளிம்பிலிருந்து கருகி, பத்தே நாளில் மொத்தமும் காய்ந்து நின்றது. துளிர்த்தது முழுக்கச் சேமிப்பில் இருந்த சத்தை வைத்துத்தான், கீழே வேர்கள் ஜனவரியிலேயே காய்ந்து போயிருந்தன.

இந்த ஊரின் குணம் அப்படி. கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரம், வருடத்துக்கு 350 முதல் 400 மில்லிமீட்டர் வரைதான் மழையும் பனியும் சேர்ந்து. பனி நிறைய விழுகிறதே என்று கேட்பீர்கள். இங்கே விழுவது பெரும்பாலும் மாவு போன்ற உலர்ந்த பனி, ஒரு சாண் உயரத்துக்கு விழுந்தாலும் உருகினால் ஒரு விரற்கடைகூடத் தேறாது. அதையும் மலையிலிருந்து இறங்கும் வெதுவெதுப்பான சினூக் காற்று மண்ணுக்குள் இறங்கவிடாமல் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். குளிரைத் தாங்கும் மரத்தை வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களின் மரங்கள் தாகத்தில் சாவது இப்படித்தான்.

எந்த ஓக்?

ஓக் என்று போட்டிருப்பதையெல்லாம் வாங்கிவிடாதீர்கள். இங்குள்ள மண் பெரும்பாலும் களிமண், அதிலும் சுண்ணாம்பு கலந்த கார மண். ஒரு பிடி காய்ந்த மண்ணை எடுத்து அதன்மேல் கொஞ்சம் வினிகர் ஊற்றிப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். அந்த மண்ணில் இரும்புச்சத்து இருக்கும், ஆனால் வேரால் அதை எடுக்க முடியாது. பின் ஓக் என்ற வகை இந்த மண்ணில் படும் பாடு சொல்லி மாளாது: இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும், வருடா வருடம் இரும்பு மருந்துக்குச் செலவு செய்வீர்கள், மரம் தேறாது. கடைகளில் இலையுதிர்காலத்துச் சிவப்பைக் காட்டி விற்பார்கள், மயங்க வேண்டாம். சிவப்பு ஓக்குக்கும் இந்த மண் அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது. அதோடு பொல்டர், டென்வர் பகுதிகளில் செதில் பூச்சியும் பாக்டீரியாவும் சேர்ந்து கிளைநுனியில் பிசுபிசுவென ஒழுக வைக்கும் நோயும் அந்த இனத்தைப் பிடிக்கிறது.

என் தேர்வு பர் ஓக். கனடாவின் மானிட்டோபாவிலிருந்து டெக்சஸ் வரை புல்வெளி விளிம்புகளில் தானாக வளரும் மரம். மைனஸ் 40 வரை தாங்கும், கார மண்ணைப் பொருட்படுத்தாது, புல்வெளித் தீயையே சமாளித்து வாழ்ந்த இனம் என்பதால் பட்டை தடிமனாக, தக்கை மாதிரி இருக்கும். வட அமெரிக்க ஓக்குகளிலேயே பெரிய கொட்டை இதனுடையதுதான், கொட்டையின் தொப்பியைச் சுற்றிப் பாசி ஒட்டியது போல ஒரு குஞ்சம் இருக்கும், ஒருமுறை பார்த்தால் மறக்காது. 20 மீட்டர் வரை உயரும், அகலமும் கிட்டத்தட்ட அதே அளவு. அவ்வளவு இடம் இல்லாதவர்கள் சிங்காபின் ஓக் பார்க்கலாம், அதற்கும் சுண்ணாம்பு மண் பிரச்சினை இல்லை. சின்னதாகப் புதர் போல வேண்டுமென்றால் காம்பெல் ஓக், இந்த மாநிலத்து மலையடிவாரத்தின் சொந்த மரம், காசில் ராக் பக்கம் போனால் குன்று குன்றாக நிற்கும். ஆனால் அது வேரிலிருந்து கன்று விட்டுக்கொண்டே பரவும், நடுவில் ஒரே மரமாக நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்குச் சரிப்படாது.

பர் ஓக்கிலும் எந்த ஊர் விதை என்று பார்க்க வேண்டும். டெக்சஸ் மரத்துக் கொட்டை பெரிதாக, பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் நம் குளிருக்கு நெப்ராஸ்கா, டக்கோட்டா, வயோமிங்கின் வடகிழக்கு மூலை ஆகிய இடங்களின் வம்சம்தான் பாதுகாப்பு. நர்சரியில் கேளுங்கள். பதில் தெரியாமல் விழித்தால் வேறு நர்சரிக்குப் போங்கள்.

கொட்டையா, கன்றா?

பனங்கொட்டையை மண்ணில் புதைத்துக் கிழங்கு எடுத்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மேலே ஓலை தலைகாட்டும் முன்பே பனை கீழே இறங்கிவிடுகிறது அல்லவா, பர் ஓக்கும் அதே ஜாதி. முதல் வருடம் மேலே ஒரு சாண் செடிதான் தெரியும், அதே நேரத்தில் ஆணிவேர் 1.37 மீட்டர் ஆழம் வரை போனதாக அமெரிக்க வனத்துறைக் குறிப்புகளில் இருக்கிறது. இந்த மரத்தின் வறட்சி தாங்கும் சக்தி முழுக்க அந்த வேரில்தான். தொட்டியில் நாலைந்து வருடம் வளர்த்து, வேர் அடியில் சுருண்டு சுருண்டு கிடக்கும் ஆளுயரக் கன்றை முந்நூறு டாலர் கொடுத்து வாங்கினால், நாம் வாங்குவது அந்தச் சக்தியைப் பறிகொடுத்த மரத்தை. ஆகவே பொறுமை இருந்தால் கொட்டை, இல்லையென்றால் கிடைப்பதிலேயே சின்னக் கன்று. சின்னக் கன்று நாலைந்து வருடத்தில் பெரிய கன்றை எட்டிப் பிடித்துவிடும் என்று சொன்னபோது நான் நம்பவில்லை, இப்போது நம்புகிறேன்.

கொட்டை போடுவதாக இருந்தால் செப்டம்பர் கடைசி, அக்டோபரில் பொறுக்குங்கள். பூங்காவில் என்றால் அங்கே பொறுக்க அனுமதி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அக்கம்பக்கத்து மரம் என்றால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் அவரே கூடையில் போட்டுத் தருவார், அவருக்கு அது குப்பை. சின்ன ஓட்டை இருந்தால் உள்ளே வண்டுப்புழு இருக்கிறது, அல்லது தின்றுவிட்டு வெளியேறிவிட்டது, எறிந்துவிடுங்கள். மீதியைத் தொப்பியைக் கழற்றித் தண்ணீரில் போடுங்கள், மிதப்பவை பெரும்பாலும் சொத்தை, மூழ்குபவை நல்லவை. இதைக் காய வைக்கவே கூடாது. நெல்லையும் பயறையும் காய வைத்துச் சேமித்துப் பழகிய கை என்பதால் சொல்கிறேன், ஓக் கொட்டை காய்ந்தால் உயிர் போய்விடும்.

உடனே நட்டுவிடுவதே நல்லது. மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே, இரண்டு மூன்று விரற்கடை ஆழத்தில், படுக்கை வாக்கில் மூன்று நான்கு கொட்டைகளை வையுங்கள். வெள்ளை ஓக் குடும்பம் என்பதால் சில கொட்டைகள் இலையுதிர்காலத்திலேயே வேர் விட ஆரம்பித்துவிடும், பயப்பட வேண்டாம். அணில்தான் எதிரி. நீங்கள் புதைப்பதை வேலிமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும், உள்ளே போய்க் கை கழுவிவிட்டு வருவதற்குள் தோண்டி எடுத்திருக்கும். கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையைக் கூண்டு போல மடித்து, விளிம்பை மண்ணுக்குள் புதைத்து மூடுங்கள். முளைத்த பிறகும் முயலுக்காக அந்த வலை இரண்டு மூன்று வருடம் வேண்டும், ஆனால் செடி வளர வளரக் கூண்டை உயரமாக்க மறக்காதீர்கள். அடுத்த வருடம் வந்ததில் தெம்பானதை வைத்துக்கொண்டு மற்றதைத் தரையோடு வெட்டிவிடுங்கள். பிடுங்க நினைத்தால் வராது, முயன்று பார்த்தால் ஆணிவேர் என்றால் என்ன என்று தெரியும்.

கன்று நடுவது

முதலில் 811 எண்ணுக்குக் கூப்பிடுங்கள், அல்லது இணையத்தில் பதியுங்கள். இலவசமாக வந்து எரிவாயு, மின்சாரக் குழாய்கள் போகும் இடத்தைப் புல்மேல் வண்ணத்தில் குறித்துவிட்டுப் போவார்கள். குடியிருப்புச் சங்கம் இருந்தால் அவர்களிடமும் ஒப்புதல் வாங்கிவிடுங்கள், நட்ட மரத்தைப் பிடுங்கச் சொல்லிக் கடிதம் வருவதைவிட ஒரு படிவம் நிரப்புவது மேல். வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது 7, 8 மீட்டர் தள்ளி, மேலே மின்கம்பி இல்லாத இடம். நிழல் எங்கே விழ வேண்டும் என்று யோசித்து இடம் பிடியுங்கள், மாலை வெயிலுக்கு மேற்கு அல்லது தென்மேற்கு.

குழி ஆழமாக இருக்க வேண்டும் என்று நம் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு, தென்னைக்கு மூன்றடிக் குழி என்றே கேட்டு வளர்ந்தவர்கள். இங்கே அகலம்தான் வேண்டும். தொட்டி மண்கட்டியைவிட இரண்டு மூன்று மடங்கு அகலம், ஆழமோ கட்டியின் உயரத்தைவிட ஒரு அங்குலம் குறைவு, அதாவது நட்ட பிறகு கட்டி தரையைவிடக் கொஞ்சம் மேடாகத் தெரிய வேண்டும். களிமண்ணில் ஆழமாக வைத்த மரம் தண்ணீர் தேங்கி மூச்சு முட்டிச் சாகும். அடிமரம் வேராக விரியும் இடம் மண்ணுக்கு மேல் கண்ணுக்குத் தெரிய வேண்டும், தொட்டியிலேயே அது புதைந்திருந்தால் மேல் மண்ணைச் சுரண்டி அதைக் கண்டுபிடித்துவிட்டு அப்புறம் உயரத்தை அளந்துகொள்ளுங்கள்.

தொட்டியைக் கழற்றியதும் வெளிப்பக்கம் சுருண்டு ஓடும் வேர்களை ரம்பத்தால் சுற்றிலும் ஒரு அங்குலம் சீவிவிடுங்கள். மனசு வராது, எனக்கும் வரவில்லை, முதல் மரத்தில் செய்யவும் இல்லை. செத்த பிறகு பிடுங்கிப் பார்த்தால் வேர் தொட்டியின் வட்ட வடிவத்திலேயே இருந்தது, ஒரு வருடத்தில் வெளி மண்ணுக்குள் ஒரு வேர்கூடப் போகவில்லை. குழியில் தோண்டிய மண்ணையே திரும்பப் போடுங்கள், எரு மூட்டைகளைக் கொட்டிக் குழியைச் சொகுசாக்கினால் வேர் அந்தக் குழியைவிட்டு வெளியே போகாது. உரம் முதல் வருடம் வேண்டவே வேண்டாம். காற்று அடிக்கும் இடமென்றால் இரண்டு முளை அடித்து அகலமான பட்டையால் தளர்வாகக் கட்டுங்கள், ஒரு வருடத்தில் அவிழ்த்துவிட வேண்டும்.

மேலே மரச்சில்லு மூடாக்கு, நான்கு விரல் கனத்துக்கு, மூன்றடி அகல வட்டமாகவாவது பரப்புங்கள், ஆனால் அடிமரத்தைத் தொடாமல் ஒரு சாண் விட்டு. எரிமலைபோல மரத்தைச் சுற்றிக் குவித்து வைத்திருப்பதை இந்த ஊரில் தெருவுக்குத் தெரு பார்க்கலாம், பட்டை அழுகுவதற்கு அது நல்ல வழி. புல்லை ஒட்டவே விடாதீர்கள், இளம் மரத்தின் தண்ணீரைப் புல் குடித்துவிடும்.

தண்ணீர், கோடையிலும் பனியிலும்

வறட்சி தாங்கும் மரத்துக்கு எதற்கு இவ்வளவு தண்ணீர்க் கதை என்று நினைக்கலாம். வேர் இறங்கிய மரம்தான் வறட்சி தாங்கும். நட்ட கன்றுக்கு முதல் மூன்று வருடம் நாம்தான் மழை.

முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, அப்புறம் கோடை முழுக்க வாரத்துக்கு ஒரு தடவை, இரண்டாவது வருடம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. கணக்கு என்று வேண்டுமானால், அடிமரத்தின் விட்டத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு தடவைக்கு 10 காலன், ஏறக்குறைய 38 லிட்டர். 5 காலன் வாளி இரண்டு வாங்கி, அடியில் ஆணியால் சின்ன ஓட்டை போட்டு, மரத்துக்கு இரண்டு பக்கமும் நிரப்பி வைத்துவிடுங்கள், ஒரு மணி நேரத்தில் மெதுவாக இறங்கிவிடும். குழாயைத் திறந்துவிட்டால் களிமண்ணில் தண்ணீர் நடைபாதைக்குத்தான் ஓடும். ஈரம் இருக்கிறதா என்று பார்க்க நீளமான திருப்புளியை மண்ணில் குத்துங்கள், சிரமமில்லாமல் ஒரு சாண் இறங்கினால் ஈரம் போதும்.

மழைநீரைப் பிடிக்கலாமே என்று தோன்றும். நம் ஊரில் மழைநீர்த் தொட்டி கட்டாவிட்டால் வீட்டுக்கு அனுமதி கிடைக்காது, இங்கே நேர்மாறு, கூரைத் தண்ணீரை வீட்டுக்காரர் பிடித்து வைப்பதே பெரும்பாலும் சட்ட விரோதமாக இருந்தது. கீழே இருப்பவர்களின் ஆற்றுநீர் உரிமை என்பது வாதம். 2016-இல்தான் வீட்டுக்கு இரண்டு பீப்பாய், மொத்தம் 110 காலன் வரை என்று அனுமதித்தார்கள். அது நமக்குப் போதும்.

செப்டம்பரில் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து மரத்தைத் தூக்கத்துக்குத் தயாராக விடுங்கள். கோடைக் கடைசியில் தழைச்சத்து உரம் போட்டால் இளந்துளிர் விட்டு வசமாக மாட்டிக்கொள்ளும். இந்த ஊர் எச்சரிக்கை செய்யாது. 2019 அக்டோபரில் 28 டிகிரி வெயில் அடித்த மறுநாளே மைனஸ் 10-க்குப் போனது, 2020 செப்டம்பரில் 38 டிகிரியைத் தாண்டிய மூன்றாவது நாள் பனி விழுந்தது. இலை இன்னும் உதிராமல் நிற்கும் மரத்தில் ஈரப் பனி விழுந்தால் கிளை ஒடியும், நீளக் கம்பால் கீழிருந்து மேலாக மெதுவாகத் தட்டி உதிர்த்துவிடுங்கள்.

இலை உதிர்ந்ததும் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். அதற்குப் பிறகு மார்ச் வரை மாதத்துக்கு ஒன்று அல்லது இரண்டு தடவை, மேலே சொன்ன அதே கணக்கு. தரையில் பனி இருக்கக் கூடாது, வெப்பம் 5 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், நடுப்பகலில் விட வேண்டும், இரவுக்குள் மண்ணுக்குள் இறங்கிவிடுவதற்காக. ஜனவரியில்கூட அப்படிப்பட்ட நாட்கள் இங்கே வரும், டி-ஷர்ட்டோடு நடக்கலாம் போல இருக்கும் நாட்கள், அதுதான் உங்கள் நாள். வேலை முடிந்ததும் ரப்பர் குழாயை வெளிக் குழாயிலிருந்து கழற்றி வைத்துவிடுங்கள். ஒரு தடவை மறந்தேன், அன்றிரவே உறைந்து, சுவருக்குள் போகும் குழாய் வெடித்து அடித்தளத்து அறை நனைந்தது. அதன்பிறகு குளிர்காலத்தில் நான் வாளியோடு நிறுத்திக்கொண்டேன். கைப்பேசியில் மாதத்துக்கு இரண்டு நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்று செய்வதாக இருந்தால் அதைச் செய்யுங்கள்.

கூடவே இன்னொன்று. குளிர்காலப் பிற்பகல் வெயில் தென்மேற்குப் பக்கத்துப் பட்டையைச் சூடாக்கி எழுப்பிவிடும், சூரியன் மறைந்ததும் உறைபனி அதை அடிக்கும், பட்டை நெடுகப் பிளந்துவிடும். இளம் மரத்துக்கு நவம்பரில் வெளிர்நிறச் சுற்றுத்தாளைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், ஏப்ரலில் கழற்றுங்கள். கோடையிலும் விட்டுவைத்தால் உள்ளே பூச்சி குடியேறும்.

வசந்தத்தில் அவசரப்படாதீர்கள்

ஏப்ரலில் தெரு முழுக்கப் பூத்துக் குலுங்கும்போது உங்கள் பர் ஓக் மட்டும் குச்சியாக நிற்கும். செத்துவிட்டது என்று முடிவு கட்டி மண்வெட்டியை எடுத்தவர்களை எனக்குத் தெரியும். அது மே மாதத்தில்தான் துளிர்க்கும், அதனால்தான் ஏப்ரல் கடைசிப் பனியில் மற்ற மரங்கள் கருகும்போது இது தப்பிக்கிறது. சந்தேகமாக இருந்தால் ஒரு சின்னக் கிளையை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது.

கவாத்து பெரிதாக வேண்டாம். உச்சியில் இரண்டு தண்டுகள் போட்டி போட்டால் ஒன்றை எடுங்கள், காய்ந்ததை எடுங்கள், அதுவும் பிப்ரவரி, மார்ச்சில். கீழ்க்கிளைகளைச் சில வருடம் விட்டுவையுங்கள், அடிமரம் பருப்பதற்கு அவைதான் சாப்பாடு போடுகின்றன. கிளைகளில் கோலிகுண்டு போல உருண்டை உருண்டையாக முடிச்சு வந்தால் அது ஒரு குட்டிக் குளவி முட்டையிட்ட இடம், பார்க்கத்தான் அசிங்கம், மரத்துக்குப் பெரிய கேடில்லை. ஆனால் அது இனிப்பு நீர் சுரக்கும், கோடைக் கடைசியில் அதைத் தேடி மஞ்சள் குளவிகள் மொய்க்கும், குழந்தைகள் அந்தப் பக்கம் விளையாடினால் கவனம்.

என் இரண்டாவது மரம் கொட்டையிலிருந்து வந்தது, எட்டு வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் களை என்று நினைத்துப் புல் வெட்டுபவர் ஒருமுறை சீவியே விட்டார், மறுபடி துளிர்த்தது. இப்போது வேலியைத் தாண்டிவிட்டது, போன கோடையில் நான் அதற்குத் தண்ணீர் விட்டது நாலைந்து தடவைதான். மாலை நான்கு மணி வெயில் இன்னும் கூடத்துக்குள் வருகிறது, ஆனால் ஜன்னலில் ஒரு ஓரமாகக் கை அகல நிழல் விழுகிறது. பர் ஓக் காய்க்க 35 வருடம் ஆகும் என்கிறார்கள். எனக்கு அப்போது எழுபது தாண்டியிருக்கும். அதுவரை கொட்டை கேட்டு வருகிறவர்களை இரண்டு தெரு தள்ளி இருக்கும் பெரியவர் வீட்டுக்குத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.